எட்டு பஸ்களுக்கு இடம்

மாசியில் பெயின்ற் வந்தது,
பஸ் வரவில்லை.

டிப்போ முற்றத்தில் மஞ்சள் கோடு இழுத்து
ஒன்றிலிருந்து எட்டுவரை இலக்கம் போடச் சொன்னார்கள்.
போட்டோம்.
அன்றிரவே மான்கள் வந்து சேர்ந்தன,
கோட்டைப் பக்கமிருந்து,
வழக்கம்போல் டிக்கெட் இல்லாமல்.
நாலாம் இலக்கத்துக்குள் ஒரு கொம்பன்
கோட்டை மிதிக்காமல் படுத்திருந்து
ஐந்தே காலுக்கு எழும்பி
நிலாவெளி றோட்டால் போனது.
இந்த வருஷம் நேரத்துக்குப் புறப்பட்டதென்று
நான் கண்ணால் கண்டது அதை மட்டும்.

நான் இங்கே நேரக் கணிப்பாளன்.
பிந்தியதற்குக் காரணம் எழுதப்
பேரேட்டில் இரண்டு விரற்கடை அகலம் உண்டு.
கியர், ரேடியேற்றர், மாடு, சாரதி இல்லை
என்று அதற்குள் அடக்கி வந்தேன்.
இப்போதையது அடங்குகிறதில்லை.
கடனின் முதல் தவணை வந்தது, இரண்டாவது நின்றது,
நின்ற கிழமையில் டொலர் ஏறியது,
ஏறியதில் எட்டு ஆறாகியது,
ஆறுக்கு ஒப்பமிட வேண்டியவர்
மாற்றலாகிப் போனார்.

ஆறு என்றால்
ஏழையும் எட்டையும் அழிக்கவா என்று கேட்டு எழுதினேன்.
மூன்று மொழியிலும் கடிதம் வந்தது,
மூன்றிலும் பதில் இல்லை.

பக்கக் கண்ணாடிகள் மட்டும் முந்தி வந்தன, பன்னிரண்டு.
களஞ்சியப் பொறுப்பாளர் உதயகீதா
பெட்டியைத் திறந்து பார்த்து
"பின்னுக்குப் பார்க்கிற சாமானை
முன்னுக்கு அனுப்பியிருக்கினம்"
என்று சொல்லிப் பூட்டி வைத்தாள்.

ஜுனைதீன் நானா ஓட்டுகிற பஸ்
கிண்ணியாவுக்குப் பாலம் வரமுன்
பாதையில் ஏறித் தண்ணீர் கடந்தது.
இன்று பாலத்து நடுவில் அது நின்றுபோனால்
ஒருவரும் ஏசுவதில்லை.
இறங்கித் தள்ளுகிறார்கள்:
வெங்காய மூட்டைக்காரர், பள்ளிப் பிள்ளைகள்,
ஒரு தரம், கறுப்புக் கோட்டைக் கழற்றி
யன்னல் கம்பியில் கொழுவிவிட்டு, ஒரு சட்டத்தரணி.
தள்ளுகிறவைக்கு அரை டிக்கெட் என்பான் நடத்துநர் பண்டார.
முழு டிக்கெட்தான் கிழிப்பான்.

சித்திரை முடிய ஒரு செய்தி.
ஆறும் கொழும்பில் இறங்கிவிட்டனவாம்,
தீர்வைக் காசு கட்ட ஆளில்லாமல்
துறைமுக வெயிலில் நிற்கின்றனவாம்.
உவர்மலையில் நின்று பார்த்தேன்.
எவ்வளவு பெரிய கப்பலும்
நோகாமல் திரும்பக்கூடிய ஆழம் எங்களுடையது.
அதில் அன்றைக்கு
ஒரு கோதுமைக் கப்பலும் இரண்டு வள்ளமும்.

ஆனியில் ஒன்று வந்தே விட்டது.
வாழை கட்டி, நாலு சமயத்துக்கும் பிரார்த்தனை வைத்து,
நாடா வெட்டிப் படமெடுத்து முடிய
அதன் சாரதி என்னிடம் மெல்லக் கேட்டான்,
கந்தளாய்க்கு எந்த றோட்டு?
அங்கே நாலு மணிக்கு விழாவாம்.
வாழையை அவிழ்க்காமலே கொண்டு போனான்.
முதலாம் இலக்கத்தில்
ஒரு சொட்டு எண்ணெய்கூட மிச்சமில்லை,
புது வண்டி.

நிலாவெளி ஹோட்டலில் படுக்கை விரிக்கிற றெஜினாவுக்கு
மூன்று தரம் பிந்தினால் அரைநாள் சம்பளம் வெட்டு.
பஸ்தான் பிந்தியது என்று
டிப்போ முத்திரையோடு கடிதம் கொண்டு போனால்
மனேஜர் விடுவார்.
நாற்பத்தொரு கடிதம் கொடுத்திருக்கிறேன்.
பஸ் குறைந்த டிப்போவில்
குறையாமல் ஓடுகிறது அந்தக் கடிதப் புத்தகம்.

நேற்றுப் பின்னேரம் வந்தாள்,
செருப்பில் உப்புவெளி மணல்,
கையில் பிள்ளைக்கு வாங்கிய பாண்.
கடிதத்தை வாங்கி மடித்தவள்
போகாமல் நின்றாள்.
"ஐயா, நாளையான் கடிதத்தையும்
இப்பவே எழுதித் தாங்கோவன்.
காலையில இதுக்கெண்டு வந்து நிண்டால்
இன்னும் பிந்திப்போகும்."

மறுக்க வாயெடுத்தேன்.
முற்றத்தில் மான்கள் ஒவ்வொன்றாக
இலக்கம் பார்த்துப் படுத்துக்கொண்டிருந்தன.
நாளைய தேதியைப் போட்டேன்.
இருபத்தைந்து நிமிடம், என்று எழுதினேன்.
அவள் எட்டிப் பார்த்து,
"முப்பத்தைஞ்சு போடுங்கோ" என்றாள்.